மாமனாரின் பல்செட்டும் வாத்துவாய் ரப்பரும்

மூச்சை இழுக்கச் சொல்லித்தர உலகத்தில் ஆள் ஏராளம். யோகா மாஸ்டர் சொல்வார், ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து டாக்டர் சொல்வார். இழுத்ததை வெளியே விடுவது ஒரு காரியமாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிணற்றுக்குள் போய் உட்காரும் வரை.

இராஜபாளையத்தில் பாண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்ப்பது என் பிழைப்பு. முக்குளிப்பவர்கள் நீருக்கடியில் மூச்சுவிடுவதற்கான பழைய ஸ்கூபா ரெகுலேட்டர்களைச் சேர்ப்பது என் பைத்தியம். (எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்றரை மாவட்டம் கிடக்கிறதே என்பார்கள் நண்பர்கள். பைத்தியத்துக்கு மாவட்ட எல்லை கிடையாது.)

என் சேகரிப்பில் மகாராணி, தூத்துக்குடியில் கப்பல் சாமான் கடையில் வாங்கிய இரட்டைக் குழாய் ரெகுலேட்டர். வாயில் கவ்வும் துண்டின் இருபுறமும் தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்கள் கிளம்பி, தோளைத் தாண்டி, முதுகில் சிலிண்டர் மேல் உள்ள பித்தளைப் பெட்டியில் போய்ச் சேரும். ஒன்றில் காற்று வரும். மற்றதில் நாம் விடுகிற மூச்சு போகும். போகிற குழாயின் கடைசியில் வாத்தின் வாய் போலத் தட்டையாக ஒரு ரப்பர் வால்வு. மூச்சு விட்டால் வாய் திறந்து காற்று வெளியேறும். உடனே மூடிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே வராது.

என் கைக்கு வந்தபோது அந்த வாத்து அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. மாற்று வால்வு கிடைக்கவில்லை. ஸ்கூட்டர் ட்யூபை வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டி, நானே ஒரு வாத்துவாய் செய்தேன். வாளித் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் வலித்தன, ஆனாலும் குமிழி வந்தது. கொஞ்சம் இறுக்கம்தான், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். (பழக வேண்டியது வாத்தா, நானா என்று யோசிக்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் செல்விக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. போனில் நான் அவளிடம் பேசிய காதல் வசனங்களில் பாதி இந்த வால்வைப் பற்றியது. அவளும் பொறுமையாக "ம்" கொட்டினாள். டிவி பார்த்துக்கொண்டே கொட்டியதாகப் பிறகு சொன்னாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"அப்பாவோட பல்செட்டு கெணத்துல விழுந்துருச்சு. யார்ட்டயும் சொல்லிராதீங்க."

மாமா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். சங்குக் குரல். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கள் தோப்புக் கிணற்று மேட்டில் நின்று பந்தல்காரரைப் போனில் வைதிருக்கிறார். "ஏலே" என்று அவர் தொடங்கிய வேகத்தில் மேல்வரிசைப் பல் மொத்தமும் பறந்து கிணற்றில் விழுந்துவிட்டது. புதுசு செய்யப் பல நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார் பல் டாக்டர். மாமாவுக்குப் பல்செட் என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஊரையே நடுங்க வைத்த வாய் அது. வெளியாளைக் கிணற்றில் இறக்க அவர் சம்மதிக்கவில்லை. பல் இல்லாமல் மேடை ஏற மாட்டேன், தாரை வார்க்க வேறு ஆளைப் பாருங்கள் என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

"நான் இருக்கேன்ல" என்றேன். எப்பேர்ப்பட்ட சந்தர்ப்பம்!

தூத்துக்குடி நண்பரிடம் இரவல் வாங்கிய சிலிண்டர் ஒன்று காற்றோடு வீட்டில் இருந்தது. அதன் தலையில் மகாராணியைப் பூட்டி, ஊர்க்கண் படக்கூடாதென்று இரண்டையும் கம்பெனிப் பாண்டேஜ் துணியால் சுற்றி பைக்கின் பின்சீட்டில் கட்டினேன். வழியில் டீக்கடையில் நின்றபோது ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்து, "யாருக்குண்ணே அடி? ஆசுபத்திரிக்கு இப்டியா கொண்டு போவாக?" என்றார். வைகாசி வெயில் தார்ரோட்டையே இளக்கிக்கொண்டிருந்தது. துணிக்குள் என் வாத்துவாயின் பஞ்சர் சொல்யூஷனையும் இளக்கி, இரண்டு உதட்டையும் ஒன்றோடொன்று அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது.

தோப்பில் மாமா, அத்தை, செல்வி மூவர் மட்டும். மாமா துண்டால் வாயை மூடிக்கொண்டு, "ஹத்தம் போடாதீங்ஹ மாப்ளே" என்றார்.

"ரெண்டாள் ஆழந்தான தண்ணி. நான் ஒரு முங்கு முங்கிட்டு வந்துருதேன்" என்றார் சோழபுரத்துக் கிணறுகளில் முங்கி வளர்ந்த அத்தை.

"நீங்க செத்த நேரம் ஒக்காருங்கத்தே. இது டெக்னிக்கலான வேலை" என்றேன். (இந்த வாக்கியத்தை அவர் இன்றுவரை மறக்கவில்லை.)

சிலிண்டரை முதுகில் கட்டி, கண்ணையும் மூக்கையும் மூடுகிற முக்குளிப்புக் கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்வி, செல்வியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் படியிறங்கி முங்கினேன்.

முதல் மூச்சு அமிர்தம். காற்று குளிர்ந்து வந்தது. அடுத்து விட வேண்டும். விட்டேன். போகவில்லை. என் மூச்சு குழாய் வழியே போய், கதவைத் தட்டி, ஆளில்லை என்று திரும்பி என் வாய்க்கே வந்தது. முக்கி ஊதினேன். கன்னம் இரண்டும் நாதஸ்வரக்காரருக்கு உப்புவது போல உப்பின. காதுக்குள் "டப்" என்று ஏதோ அடைத்தது. மீதிக் காற்று மூக்கு வழியாகக் கிளம்பிக் கண்ணாடியைத் தூக்க, கிணற்றுத் தண்ணீர் கண்ணுக்குள் வந்தது.

பதறி மல்லாந்தேன். செய்யவே கூடாதது அது. இரட்டைக் குழாய்க் கருவியில் மல்லாந்தால் வாய் மேலேயும் பெட்டி கீழேயும் போய்விடும், காற்று கேட்காமலேயே கொட்டும். இதையும் நான் செல்விக்கு ஒரு மாலை முழுக்க விளக்கியிருக்கிறேன். இப்போது உள்ளே வருகிற காற்றுக்கு அளவே இல்லை, வெளியே போக வழியே இல்லை. இன்னும் இரண்டு நொடி இருந்திருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போட்டியாக நானும் வீதியுலா வந்திருப்பேன்.

வாயில் கவ்வியிருந்த துண்டைத் துப்பிவிட்டு மேலே பாய்ந்தேன். துப்பிய குழாய் சும்மா இருக்குமா? தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிச் சீறி, கடைசிப் படியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் வெள்ளை வேட்டி சட்டையை ஒரு இடம் விடாமல் நனைத்தது. நான் படியைக் கட்டிப்பிடித்து இருமினேன். செல்வி ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அழுகிறாள் என்று நெஞ்சு உருகியது. பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேலையை வரிந்து கட்டினார், மூக்கைப் பிடித்தார், குதித்தார். நான் இருமி முடிப்பதற்குள் கையில் பல்செட்டோடு எழுந்தார்.

"இதுக்கா இம்புட்டு சாமான்?" என்றாராம். எனக்குக் கேட்கவில்லை. மாமா பல்லைக் கழுவி மாட்டி, முதல் வேலையாகப் பந்தல்காரருக்குப் போன் போட்டு விட்ட இடத்திலிருந்து வைதாராம். அதுவும் கேட்கவில்லை. இரண்டு காதும் அடைத்துப்போயிருந்தன. டாக்டர் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து, தானாகத் திறக்கும், அதுவரை ஊதாதீர்கள் என்று பேப்பரில் எழுதிக் காட்டினார்.

அடைத்த காதோடுதான் தாலி கட்டினேன். மேளம் எங்கோ அடுத்த ஊரில் வாசிப்பது போலிருந்தது. காது கேட்காத மாப்பிள்ளை என்று பேர் வந்துவிடுமோ என்ற பயத்தில், யார் வாயசைத்தாலும் சிரித்துத் தலையாட்டினேன். கெட்டிமேளம் அடங்குவதற்குள் மாமா என் பக்கத்தில் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க ஏதோ கேட்டார். வாய்நிறையப் பல் தெரிந்தது. பல்லுக்குத்தான் நன்றி சொல்கிறார் என்று நினைத்துப் பலமாகத் தலையாட்டி, "சரி மாமா" என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுவீடு முடிந்து இராஜபாளையம் வந்து, காதும் திறந்த ஒரு வாரத்தில் வாசலில் மினி லாரி ஒன்று வந்து நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர், அத்தை. முன்சீட்டிலிருந்து மாமா இறங்கினார்.

"என்ன மாமா இது?"

"என்ன மாப்ளே இப்டிக் கேக்கிய? நாங்களும் ஒங்க கூடயே வந்து இருந்துக்கிடலாமான்னு மேடைல வச்சுக் கேட்டேன். ஊரே பாக்கத் தலையாட்டுனியளே!"

அன்று வந்தவர்கள் மாடி அறையில் இன்றும் இருக்கிறார்கள். குறை ஒன்றுமில்லை, அத்தையின் மீன்குழம்புக்காக நான் இன்னொரு முறைகூடத் தலையாட்டுவேன். ஆனால் இந்தக் கதை தெரிந்த பிறகு, எங்கள் வீட்டில் என்னிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் மிக்ஸியைப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். போன மாதம் மிக்ஸி ஓடும்போது என் மகள் ஏதோ கேட்டாள். பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுதும்போது என் வலது செருப்பைத் தின்றுகொண்டிருக்கும் நாய்க்குட்டி அப்படி வந்ததுதான்.