மன்னர் காரை லாரியில் ஏற்றிவிட்டார்கள்

தந்தா, திங்கட்கிழமை

கெய்ரோவில் அரசாங்க நாற்காலியில் வீற்றிருக்கும் மருமகன் நாதிருக்கு, உன் தாய்மாமன் பசியூனி ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே அனைவரும் நலம், என் இரத்தக் கொதிப்பைத் தவிர.

இப்படித்தான் நடக்கும் என்று போன நோன்பிலேயே சொன்னேன். யார் கேட்டார்கள்? நம் பேக்கார்டு காரை, அரண்மனை ஓட்டுநர் கையிலிருந்து நான் நேரே வாங்கியதை, நாற்பது வருஷமாக இந்தத் தெருவின் மணப்பெண்களையெல்லாம் சுமந்ததை, நேற்று அருங்காட்சியகக் குழு என்று வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பாவிகள்! வியாழக்கிழமை என் மகள் சுஹைருக்குக் கல்யாணம். "பொண்ணு மன்னர் கார்ல வந்து இறங்கணும், இல்லேன்னா கல்யாணமே வேணாம்" என்று சம்பந்தி ஷலபி ஹாஜி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னது உனக்கே தெரியும்.

ஷலபி படிக்கட்டும் என்றுதான் காரைப் பற்றிப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவோடு வஜ்தி என்று ஒரு நிபுணர், பூதக்கண்ணாடியும் அவருமாக வந்து, இரண்டு மணி நேரம் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நம்பர் தேஞ்சு போச்சு ஹாஜி, யாரோட கார்னே சொல்ல முடியாது" என்று பையை மூடினார். தெருவே நின்று பார்க்கிறது, எனக்கு மானம் போகாதா?

"யோவ், படிச்சவன்தானே நீ? கதவுக்கு உள்பக்கம் சுரண்டிப் பாருய்யா!" என்றேன்.

சுரண்டினார். கறுப்புக்கு அடியில் சிவப்பு! பளபளவென்ற சிவப்பு. மன்னர் காலத்தில் அரண்மனையைத் தவிர வேறு எவன் காருக்குச் சிவப்பு அடித்தான்? நானே ஆடிப்போனேன். தெரு கைதட்டியது. உன் மாமி மாடியிலிருந்து குலவையிட்டாள்.

வஜ்தி என் கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள் ஹாஜி! அரண்மனைச் சொத்தெல்லாம் அரசாங்கச் சொத்து. ஏத்துங்கப்பா!"

நான் விடுவேனா? நான்கு போலீஸ்காரர்களை ஒற்றைக் கையால் தள்ளினேன். "வந்தது ஒருத்தன். அவனுக்கும் நீங்கதானே டீ கொடுத்தீங்க" என்கிறாள் உன் மாமி. அவளுக்குப் பார்வை குறைவு. சுஹைரோ, "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல வாப்பா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள், அதோடு சரி.

ஆகவே கடிதம் கண்டதும் அந்த அருங்காட்சியக அலுவலகத்துக்குப் போ, மேசையைத் தட்டு, கத்து. புதன்கிழமைக்குள் கார் வாசலில் நிற்க வேண்டும். உன் பிள்ளைகள் உன்னைப் போல் படித்து, என்னைப் போல் துணிச்சலோடு வாழ இறைவன் அருளட்டும்.

இப்படிக்கு,
பசியூனி மாமா

பி.கு.: கத்த வேண்டாம். அந்தச் சிவப்பை அடித்தது நான்தான். உன் மாமியைப் பெண் கேட்கப் போனபோது அவள் வாப்பா இதை மன்னர் கார் என்று நம்ப வேண்டுமே என்று சிவப்பு அடித்து, மேலே கறுப்பு பூசி, அவர் கண்ணெதிரே சுரண்டிக் காட்டினேன். கார் ஒரு பருத்தி வியாபாரியுடையது. இதை வஜ்தியின் காதோடு சொல், காரை விட்டுவிடுவார். ஆனால் மன்னர் கார் அல்ல என்று காகிதத்தில் மட்டும் எழுதித் தர வேண்டாம் என்று சொல். ஷலபிக்குப் படிக்கத் தெரியும்.