வீட்ல எத்தன பேர்?

பிரிட்ஜ் வாங்க வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில் 'வேணாம்லா'வை மிஞ்ச ஓர் ஆள் கிள்ளான் பட்டணத்தில் இனிமேல் பிறந்தால்தான் உண்டு. இத்தனைக்கும் அவர் எதிர்க்கடைக்காரர் அல்ல. அதே மின்சாரச் சாமான் கடையில் சம்பளம் வாங்கிய விற்பனையாளர்.

யார் எந்தப் பெட்டியைத் தொட்டாலும், "வீட்ல எத்தன பேர்?" என்பார். என்ன பதில் வந்தாலும் அடுத்த வார்த்தை, "வேணாம்லா". கடலோரக் காப்பாரிலிருந்து ஓர் அம்மா பெரிய ஃபிரீசர் கேட்டு வந்தார்.

"ஆன்டி, மீனு உங்க வாசல்லயே துள்ளுது. அத எதுக்கு ஒரு மாசம் ஜெயில்ல போடறீங்க? வேணாம்லா."

அந்த அம்மா ஓர் ஐஸ் தட்டோடு வீடு திரும்பினார். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி பல்லைக் கடித்தார். ஆனால் வாஷிங் மெஷின் வாங்க வந்தபோது அதே அம்மா, "அந்தத் தம்பிதான் வேணும்" என்று அடம்பிடித்ததால் பொறுத்துக்கொண்டார்.

எங்கள் பழைய பிரிட்ஜ் மண்டையைப் போட்டதும் நானும் மனைவியும் போனோம். இரண்டு கதவு வைத்த ஒன்றின் முன் அவள் நின்றுவிட்டாள். "ஐஸ்கிரீம கீழ்த்தட்டுல வச்சா பேரனுக்கு எட்டும்ங்க" என்றாள்.

வந்தார் வேணாம்லா. "வீட்ல எத்தன பேர்ண்ணே?"

"ஆறு" என்றேன்.

"இப்ப இருக்கிறவங்க?"

"ரெண்டு. மகன் குடும்பம் ஆஸ்திரேலியால. தீபாவளிக்கு வருவாங்க."

"போன தீபாவளிக்கு வந்தாங்களா?"

மனைவி பிரிட்ஜ் கதவை மெல்ல மூடினாள்.

"வேணாம்லா அண்ணே. உள்ள கோசோங்கா, காலியா கெடந்தா, தொறக்கறப்பலாம் மனசு கஷ்டமா இருக்கும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. முதலாளியிடம் போய், "இவன் பிரிட்ஜ் விக்கிறவனா, ஜோசியக்காரனா?" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். வீம்புக்கு அதைவிடப் பெரியதை வாங்கினேன். முதலாளிக்கும் நெடுநாள் தேடிய சாக்கு கிடைத்தது. லோரியில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியவர்தான் சொன்னார்: "உங்களால ஒரு நல்ல மனுசன் வேல போச்சுலா, அங்கிள்." பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

தீபாவளிக்கு மகன் வரவில்லை. வீடியோ காலில் பேரன் பிரிட்ஜைப் பார்த்து, "பெருசா இருக்கு தாத்தா" என்றான். அவனுக்கென்று கீழ்த்தட்டில் வாங்கி வைத்த ஐஸ்கிரீமைக் கடைசியில் நானே தூக்கிப் போட்டேன். இப்போது அந்த மாளிகைக்குள் அரை எலுமிச்சம்பழமும் நேற்றைய சாம்பாரும் குடியிருக்கின்றன. உண்மையைச் சொன்னவனின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, பொய்க்குக் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு தோசை கேட்டேன்.

"ரெண்டா? வேணாம்லா அண்ணே, இங்க ஒண்ணே பெருசு."

அவரேதான். "என்னாலதானே உங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"அத விடுங்கண்ணே. பிரிட்ஜ் நல்லா ஓடுதா?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் அவருடைய கேள்வியையே கேட்டேன்: "உங்க வீட்ல எத்தன பேர்?"

மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒருத்தன்தான்ணே."

இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர்.