உங்கள் தங்கை எம்.ஏ. படிக்கப் போகிறாளாம்

தொண்ணூறு அடி ரோடு,
தாராவி.

மதிப்பிற்குரிய நெல்லையப்பன் மச்சான் அவர்களுக்கு, மாரிக்கண்ணன் வணக்கம் சொல்லி எழுதுவது. நான், உங்கள் தங்கை விஜயராணி, மகள் மாரிசெல்வி மூவரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகள் எல்லாம் பிசகிவிட்டதால்தான், தைத்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். வீட்டில் யாராவது போன் பேசினால் விஜயராணிக்குப் படிப்பு கெடுகிறதாம்.

ஆமாம், படிப்புதான். இருபது வருஷத்துக்கு முன்னால், நல்ல வரன் என்று சொல்லி, கல்லூரி இரண்டாம் வருஷத்தில் அவள் படிப்பை நிறுத்தி எனக்குக் கட்டிக்கொடுத்தீர்கள். அந்த வரன் நானே என்பதால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிறகு அவள் தபால் வழியில் பி.ஏ. முடித்ததும், பாலர் பள்ளி வேலைக்குப் போவதும் உங்களுக்குத் தெரியும். இப்போது முப்பத்தொன்பது வயதில் ஆங்கில எம்.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். காலை ஏழிலிருந்து எட்டு வரை வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் நான் ஊமை. போன வாரம் குளிக்கும்போது தண்ணீர் நின்றுபோனதைச் சொல்ல வழி தெரியாமல், தலையில் சோப்பு நுரையோடு எட்டு மணி வரை நின்றேன். 'வாட்டர்' என்றால் போதாதா என்று கேட்பீர்கள். முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் தங்கை போட்ட சட்டம். அவள் எழுதுகிற விடைகளைத் திருத்துவது பத்தாம் வகுப்பு படிக்கும் மாரிசெல்வி. "கேள்விய முழுசா படிக்காம ஏம்மா பதில் எழுதுத?" என்று இவள் அதட்ட, "நாளைக்குச் சரியா எழுதுதேன்டி" என்று அவள் தலைகுனிந்து நிற்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணில் ஒரு மாதிரித் தேர்வு. லோக்கல் ரயிலில் நான் வார்த்தைகளின் அர்த்தத்தைக் கையால் மறைத்துக் கேட்க, அவள் நின்றபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த மும்முரத்தில் கல்யாண் போனதே தெரியாமல் உல்லாஸ்நகரில் இறங்கினோம். திரும்பி ஓடிவந்தால் அரைமணி நேரம் தாமதம், கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வாட்ச்மேனிடம் நான் எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்ச ஆரம்பித்தேன். விஜயராணி என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. நடுவில் 'ஹஸ்பெண்ட்' வந்தது, அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். ஓரிடத்திலும் திக்கவில்லை. அந்த மனிதர் கடைசிவரை கேட்டுவிட்டு, என் காதருகே வந்து, "பாயி, மேடம் கோ அந்தர் ஜானே போலோ, மேரா சிர் கூம் ரஹா ஹை" என்று கேட்டைத் திறந்துவிட்டார். மேடத்தை உள்ளே போகச் சொல்ல வேண்டுமாம், அவருக்குத் தலை சுற்றுகிறதாம்.

கையோடு திருத்தி மார்க் சொல்லிவிட்டார்கள். நூற்றுக்கு அறுபத்தெட்டு மச்சான், அதுவும் அரைமணி நேரம் குறைவாக எழுதி. நான் ஜிலேபி வாங்கிக்கொண்டு திரும்பினால், பிளாட்பாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"நல்ல மார்க்குதான, எதுக்கு அழுத?"

"அன்னைக்கும் பரீட்சைக்கு எல்லாம் படிச்சு வச்சிருந்தேங்க. அதுக்குள்ள கல்யாணத் தேதி வந்திட்டு."

ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரு மணி நேரம் போய் முழுநாளும் ஆங்கிலமாகிவிட்டது. கீரைக்காரம்மா எங்கள் வாசலில் நிற்பதில்லை. நானும் யோசனையில் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். ஆகவே பெரியவரான நீங்கள், இந்த வயதில் இது போதும் என்று அவளுக்கு ஒரு வார்த்தை எழுதவும். நான் சொன்னால் முழு வாக்கியத்தில் பதில் வரும்.

மாரீஸ்வரி அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாரிக்கண்ணன்

பின்குறிப்பு: மூன்று நாளாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை தேர்வுத் தேதி தெரிந்தது. பதினெட்டாம் தேதி, புனேயில். மேலே கேட்ட புத்திமதி எதையும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். கடையை மூடிவிட்டு நானே கூட்டிப்போகிறேன். இரண்டு நாள் மாரிசெல்விக்குத் துணையிருந்து சமைத்துப்போட ஆள் வேண்டும். அக்கா வேண்டாம், நீங்கள் வாருங்கள். "யாரக் கூப்பிட?" என்று விஜயராணியிடம் கேட்டேன். "அண்ணன் வந்தாப் போதும்" என்றாள், தமிழில்.