அரை மணிக்கு ஒரு அளவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. என் ஆறு வயது மகள் செல்வியிடம் அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்: "வருதாம்மா?"

எண்பதுகளின் நடுப்பகுதி. செஞ்சியில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் நான். செல்வி வகுப்பில் அடிக்கடி ஒன்றுக்குப் போகக் கேட்கிறாள் என்று அவளுடைய டீச்சர் சொல்லியனுப்ப, பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "வயசோட ரெண்டக் கூட்டுங்க சார், முப்பதால பெருக்குங்க. அத்தினி மில்லி சுமாரா புடிக்கணும். புள்ளயே 'இனிமே தாங்காது'ன்னு சொல்லும்போது போவச் சொல்லி அளந்து பாருங்க. ரொம்பக் கொறஞ்சா பாண்டிச்சேரிக்கு எழுதித் தரேன்."

ஆறும் இரண்டும் எட்டு. எட்டு முப்பது இருநூற்று நாற்பது. கணக்கு மனதில் பதிந்தது. 'புள்ளயே சொல்லும்போது' என்பது பதியவில்லை. பதினைந்து வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சோதனை சொல்லிக்கொடுத்த மனிதன் நான். அளவு என்றால் சீரான இடைவெளியில் எடுக்க வேண்டாமா? நோட்டில் கட்டம் போட்டேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து இருநூற்றைம்பது மில்லி அளவு ஜாடியைக் கொண்டுவந்திருந்தேன். (அதைத் திருப்பி வைக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன். அந்த அளவுக்கு நாணயஸ்தன்.)

அரை மணிக்கு ஒரு தரம் கேட்டேன். நைனா கேட்கிறாரே என்று அவளும் போனாள். நாற்பது. முப்பத்தைந்து. நாற்பத்தைந்து. மதியம் வெறும் இருபது. கட்டம் நிரம்பிக்கொண்டே போனது. இருநூற்று நாற்பது எங்கே, இருபது எங்கே!

"இன்னாங்க இது, பம்புசெட்டு மாதிரி புள்ளய அர மணிக்கொரு வாட்டி போட்டுப் பாக்கறீங்க?" என்றாள் என் மனைவி மரகதம்.

"உனக்குத் தெரியாது. நீர்ப்பை சுருங்கியிருக்குது."

"சுருங்குனது அது இல்ல, உங்க மூளை."

இரவெல்லாம் தூங்கவில்லை. ஆபரேஷன், ரப்பர் குழாய் என்று என்னென்னவோ கண்முன்னே வந்தது. திங்கள் விடிந்ததும் டாக்டரைக் கூடக் கேட்காமல், செல்வியைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் வறண்டுவிடக் கூடாது என்று அவளை இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தேன். பதற்றத்தில் நான் எத்தனை குடித்தேன் என்று கணக்கில்லை. ஜாடி ஒரு மஞ்சப்பையில். உடைந்துவிடப் போகிறது என்று பையை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

பஸ் ஒரு மணி நேரம் தாமதம். வந்ததும் செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "வருதா?" என்றேன். "இல்ல நைனா" என்றாள். எனக்கு வந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் முதல் தடவை நிறுத்தினேன். மேல்சித்தாமூர் கைகாட்டியில் இரண்டாவது.

"சார், இது பஸ்ஸா, உங்க வூட்டுத் தோட்டமா?" என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள் செல்வியிடம் கனிவாகக் கேட்டாள்: "எந்த ஆஸ்பத்திரிக்குப் பாப்பா, நைனாவ இட்டுக்கினு போற?"

பஸ்ஸே சிரித்தது. மூன்றாவது தடவை நிறுத்தியபோது செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். பையோடு இறங்கி, தூரமாக ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தால் பஸ் போய்க்கொண்டிருந்தது. பின்வாசலில் யாரோ ஏறியதைப் பார்த்து நான்தான் என்று விசில் கொடுத்துவிட்டார் கண்டக்டர்.

கத்திக்கொண்டே ஓடினேன். புழுதிதான் மிச்சம். கண் விழித்து என்னைத் தேடுவாளே. அழுவாளே. சீட்டை நனைத்துவிட்டு அவமானத்தில் திண்டிவனத்தில் தனியாக இறங்கி நின்றால்? யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டால்? வந்த லாரிகளை எல்லாம் கையாட்டி நிறுத்தப் பார்த்தேன். ஓடும்போது உடையாமலிருக்கப் பையிலிருந்து எடுத்துப் பிடித்த ஜாடி அந்தக் கையில்தான் இருந்தது. நடுரோட்டில் கண்ணாடிக் குழாயை ஆட்டும் ஆளைப் பார்த்த டிரைவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

முக்கால் மணி நேரம். அந்தப் பயம் இன்னும் விடவில்லை. செல்வி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவள் பஸ் கால் மணி தாமதமானால் நான் தெருமுனையில் நிற்பேன். (வீட்டில் ஒருமுறை போய்விட்டுத்தான் நிற்பேன்.) மரகதத்துக்கு என் அன்றைய வயதை வைத்து ஒரே கணக்குதான் தெரியும்: "முப்பத்தெட்டும் ரெண்டும் நாப்பது. ஆயிரத்து எரநூறு மில்லி புடிக்க வேண்டிய மனுஷன், மூணு எடத்துல பஸ்ஸ நிறுத்துனாரு!" அந்தக் கணக்கு குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

கடைசியில் எதிர்த் திசையிலிருந்து செஞ்சி பஸ் ஒன்று வந்து நின்றது. எங்கள் கண்டக்டர் வழியில் அதை மறித்து அவளை ஏற்றிவிட்டிருக்கிறார். முன்படியில் செல்வி. அழவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"நைனா, வருது. இனிமே தாங்காது. ஜாடி குடு!"

மரத்துக்குப் பின்னால் ஓடினோம். நூறு. நூற்றைம்பது. இருநூறு. இருநூற்று நாற்பதைத் தாண்டி, ஜாடியின் கடைசிக் கோட்டையும் தாண்டி, என் விரல்களின் மேல் வழிந்தது. நான் அழுதுவிட்டேன்.

நிறைந்த ஜாடியோடு வெளியே வந்தோம். ஜன்னலெல்லாம் தலைகள். செல்வி ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"நைனா, உனக்கு எவ்ளோ வந்துது?"