புளி போட்டு விளக்கிய ஓட்டைக் காசு

மரைன் ஹில், போர்ட் பிளேர்
14-8-64

மரியாதைக்குரிய மச்சான் ஜம்புலிங்கம் அவர்களுக்கு, பன்னீர்செல்வம் கும்பிட்டு எழுதுவது. இவ்விடம் மழையும் நலமும். அவ்விடம் வெயிலும் நலமும் அறிய ஆவல்.

முதலில் என் மானம் போன கதை. போன திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தால் மேல்தட்டில் சோறு இல்லை, விக்டோரியா மகாராணி இருந்தார். அடுத்த தட்டில் ஜார்ஜ் மன்னர். அவசரத்தில் மகள் மரகதத்தின் கேரியரைத் தூக்கி வந்திருக்கிறேன். "கடையும் இல்லை, போர்டும் இல்லை, ஒரு பொம்பளைப் பிள்ளை பழைய காசு விற்பதாவது! அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பவும், நம் பாத்திரக்கடையில் கணக்கெழுதட்டும்" என்று எழுதியிருந்தீர்களே, அவளுடைய கடை அந்தக் கேரியர்தான் மச்சான். வங்காளி மேஸ்திரி எட்டிப் பார்த்து, "அரே பன்னீர், ஆஜ் ராணி கோ காயேகா க்யா?" என்று கேட்டான். ராணியையா தின்னப்போகிறாய் என்று பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், பசியோடு.

கடைசித் தட்டில் ஒரு செப்பு வில்லை, நடுவில் ஓட்டை, கரிச்சட்டி நிறம். மேஸ்திரி வாஷர் என்றான். நான் ஓட்டைக் காலணா என்றேன். அந்தக் காலத்தில் இங்கிருந்த கைதிகளுக்கென்றே அடித்த காசாம் அது. நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் ஒரு வீட்டில் மரகதம் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாள். கப்பலில் வந்திருக்கும் மெயின்லாண்டு டாக்டர் ஒருவருக்குத் தருவதாக வாக்கும் கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் பெண் எடுத்தவன் செம்பு கறுத்துக் கிடந்தால் பார்த்துக்கொண்டிருப்பேனா? பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் புளியும் உப்பும் வாங்கி, சாப்பாட்டு நேரம் முழுக்கத் தேய்த்தேன். உங்கள் கடைப் புதுக் குடம் தோற்றது, போங்கள்.

சாயங்காலம் மரகதத்திடம் பெருமையாக நீட்டினேன்.

"யாருப்பா இதைக் கழுவுனது?"

"நான்தாம்மா. எப்படி மின்னுது பாரு!"

"கறுப்புதாம்பா அதோட வயசு. வயசைக் கழுவிட்டீங்களே!"

அதுவரை கையில் இருந்த புளி அப்போதுதான் வயிற்றில் கரைந்தது. உங்கள் தங்கை அலமு அன்று ரசம் மட்டும் வைக்கவில்லை.

மறுநாள் நானும் மரகதமும் போனபோது அபர்டீன் பஜாரில் டாக்டர் நின்றார். புதிதாகக் காசு சேர்க்கத் தொடங்கியவர். பளபளப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பர்ஸைத் திறந்துவிட்டார். பக்கத்தில் அப்துல் கனி. அவரும் காசு வியாபாரிதான், அவருக்கும் கடை கிடையாது. சரக்கெல்லாம் மடக்கிய குடைக்குள். அடைமழையிலும் நனைவாரே தவிர விரிக்க மாட்டார். "சும்மா குடு புள்ள, யாருக்குத் தெரியப்போவுது" என்று முணுமுணுத்தார். போட்டிக்காரருக்கே மனம் இளகியது.

மரகதம் கேட்கவில்லை. "சார், இது நேத்து வரைக்கும் கறுப்பு. வீட்டுல புளி போட்டுத் தேச்சுட்டாங்க. இனி இதுக்கு மதிப்பு இல்ல. கொண்டு வர்றேன்னு வாக்குக் குடுத்தேன், கொண்டு வந்துட்டேன். வாங்காதீங்க" என்றாள்.

டாக்டர் பர்ஸை மூடினார். ஒரு சீட்டில் விலாசம் எழுதி அவளிடம் நீட்டினார். "இனி நீ எதை எடுத்தாலும் தபால்ல அனுப்பும்மா. நான் பாக்காமலே வாங்கிக்கிறேன்" என்றார்.

அவர் போனதும் அப்துல் கனி, "கடை இல்லாதவனுக்கு நாக்குதான் கடை, பன்னீரு. ஒம் மவ கடை ரொம்பப் பெருசு" என்று சொல்லி, தூறல் விழுந்ததும் ஏதோ நினைப்பில் குடையை விரித்துவிட்டார். பஜார் முழுக்க எட்வர்டு மன்னர்கள் உருண்டு ஓடினார்கள். மரகதமும் நானும் சாக்கடை வரை துரத்திப் பொறுக்கிக் கொடுத்தோம்.

அந்த ஓட்டைக் காசு இப்போது எங்கள் சாவிக்கொத்தில். ஓட்டை இருந்தது வசதியாகப் போயிற்று. ஆகவே மச்சான், மரகதம் வரமாட்டாள். உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு வேறு ஆள் பாருங்கள். இது என் முடிவு, மாறாது.

உங்கள் தராசு நேராகவும் கல்லா நிறைவாகவும் இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் அலமுவின் நமஸ்காரம்.

இப்படிக்கு,
பன்னீர்செல்வம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மரகதம் படித்துவிட்டாள். அடுத்த கப்பலில் வருகிறாளாம். கணக்கெழுத இல்லை. நீங்கள் பழைய செம்பை எடைக்கு வாங்கி உருக்கக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அந்தக் குவியலில் காசு கிடக்குமாம். அவள் வரும்வரை எதையும் உருக்கவேண்டாம். புளியையும் ஒளித்து வையுங்கள்.

இன்னொன்று. அன்று டாக்டர், "யாரும்மா தேச்சது?" என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். 'நான்தான் சார், இவள் என் மகள்' என்று பஜாரே திரும்பும்படி கத்த வாய்வரை வந்தது. கையில் இன்னும் புளி வாசனை. பேசாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.