மாமா குடித்த பாசி

வண்ணார்பேட்டை,
12.7.1998

அன்புள்ள மதுமதி அக்காவுக்கு, விஜயஸ்ரீ எழுதிக்கொண்டது. நடுராத்திரியில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்; பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இங்கு அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான், அது இன்னும் உறுதியாகவில்லை.

நீ பெங்களூரு ஆய்வகத்தில் மரபணு ஏற்றித் தந்தாயே, கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தாகும் புரதத்தைத் தயாரிக்கப்போகிற பச்சைப்பாசி, என் முனைவர் பட்டமே அடங்கிய அந்த ஒரே குடுவை, அதை என் மாமனார் புதன்கிழமை காலையில் குடித்துவிட்டார். கல்லூரியில் அடிக்கடி கரண்ட் போய்விடுகிறது, வீட்டிலாவது வெளிச்சம் படட்டும் என்று அடுக்களை ஜன்னலில் வைத்திருந்தேன். பக்கத்தில் அவருடைய அருகம்புல் சாறு. மனுஷர் கண்ணாடி போடாமல் வந்து குடித்துவிட்டு, "ஏம்மா, இன்னைக்குச் சாறு லேசாப் புளிக்கு, ஆனா நல்லா எறங்குது. பிள்ளைக்கும் ரெண்டு பாலாடை குடுத்தேன், சளிக்கு நல்லதுல்லா" என்கிறார்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டர் எலிசபெத்திடம் ஓடினேன்.

"என்னத்தக் குடிச்சா?"

"பாசி, டாக்டர்."

"எந்தக் குளத்துப் பாசி?"

"பெங்களூருப் பாசி."

பேனாவை மூடிவிட்டார். "பிள்ளை நல்லாத்தான் இருக்கா. ஒனக்கு ஒறக்கம் உண்டுமா?" என்று என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

அன்று பாப்பா பச்சையாக வெளிக்குப் போனாள். முதல்நாள் கீரை மசித்து ஊட்டியிருந்ததால் அதை முடிவாகக் கொள்ள முடியாது. மாமாவோ மறுநாளும் அதே சாறுதான் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரரிடம் அழுதால், "விடு ஏட்டி, அப்பாவுக்கு இனி வெள்ளைக்கழிச்சல் வராதுல்லா" என்று சிரிக்கிறார். வேறு கிருமி வளராமலிருக்கக் குடுவையில் ஒரு மருந்து கலந்தாயே, அது எவ்வளவு? ரெண்டு பாலாடைக்குப் பிள்ளையை ஏதும் செய்யுமா? உன் ஆய்வகத்துக்கு மூன்று தடவை எஸ்.டி.டி. போட்டேன், மூன்று தடவையும் யாரோ கன்னடத்தில் பேசி வைத்துவிட்டார்கள். பாசி போயிற்று, இனி படிப்பு எதற்கு? ஆராய்ச்சியை விடுகிறேன் என்று கைடுக்கும் எழுதி வைத்துவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம். நெல்லையப்பர் எல்லோரையும் காக்கட்டும், முதலில் பாப்பாவை.

உன் தங்கை,
விஜயஸ்ரீ

பி.கு.: விடிந்துவிட்டது. குழாயில் தண்ணீர் இளம்பச்சையாக வருகிறது. கேட்டால், "அம்புட்டையும் குடிக்க முடியலம்மா. மிச்சத்தக் கீழ கொட்ட மனசு வராம மாடித் தொட்டியில ஊத்துனேன், ஒங்க ஒடம்புக்கும் ஆவும்லா" என்கிறார் மாமா. ஆறு மாதமாகப் பாசியை ஒரு லிட்டருக்கு மேல் வளர்க்க முடியாத எனக்கு இப்போது ஆயிரம் லிட்டர். நம் பாசியா, ஊர்ப் பாசியா என்று நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். கைடுக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரில் காப்பி போட்டு எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. சீக்கிரம் பதில் போடு.