ஆர்வில் டோலஃப்சன் அழுத்திய 'ஆம்'

"இந்த வருஷம் கம்பெனி மருத்துவ இன்சூரன்ஸ் படிவத்தை நான்தான் நிரப்பப் போறேன்."

ஆர்வில் டோலஃப்சன் சாப்பாட்டு மேஜையில் இப்படி அறிவித்ததும், மார்லிஸ் வாய்க்குக் கொண்டுபோன கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் நிரப்பி அவள் பார்த்தது கார் டாங்க் ஒன்றைத்தான்.

"நீயா?"

"நானேதான்."

"போன வருஷம் மீன்பிடி லைசென்ஸுக்கு நிரப்பினியே, ஞாபகம் இருக்கா? பிறந்த தேதி கேட்ட இடத்துல அன்னைக்குத் தேதியைப் போட்ட. பொறந்த அன்னைக்கே தூண்டிலோட வந்துட்டீங்களான்னு கவுன்டர்ல இருந்த பொண்ணு கேட்டா."

"அது விளையாட்டு. இது குடும்பப் பொறுப்பு."

"சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான். அஞ்சு அடிச்சு ஒரு நிமிஷம் ஆனாலும் உள்ளே விடமாட்டான். அப்புறம் ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டுல யாருக்கும் இருமல்கூட வரக்கூடாது. பிரிட்டா பல்லுக்குக் கம்பி போடணும். மறந்துடாதே."

"மறப்பேனா? பெத்த தகப்பன்!"

"அதனாலதான் சொல்றேன்."

பெத்த தகப்பனுக்குத் திடீரென்று பொறுப்பு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் படிவத்தில் நான்காவது பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் புகையிலை பயன்படுத்தினீர்களா? ஆம் / இல்லை.' வருஷா வருஷம் மார்லிஸ் அவரைக் கேட்காமலே 'இல்லை'யில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் சுருட்டை விட்டுவிட்டார். "இன்னொரு தடவை தொட்ட, ஏரியில வைக்கிற உன் மீன் குடிசையை வித்துடுவேன்" என்று மார்லிஸ் சொன்ன மறு நிமிஷமே விட்டுவிட்டார்.

மீன் குடிசை என்றால் ஆர்விலுக்கு உயிர். ஏரி உறைந்ததும் அந்தப் பலகைக் குடிசையை இழுத்துக்கொண்டுபோய் நடு ஏரியில் நிறுத்துவார். உள்ளே ஒரு குட்டி அடுப்பு, ஒரு நாற்காலி, பனிக்கட்டியில் ஒரு துளை, துளைக்குள் ஒரு தூண்டில். சனிக்கிழமை பூராவும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்காமலும் உட்கார்ந்திருக்கலாம். போன ஜனவரியில் அந்தப் பேரானந்தத்தில் ஒரு சுருட்டும் சேர்ந்துகொண்டது. ஒன்று நாலாகி, நாலு ஒரு பெட்டியாகி, பனி உருகும்வரை புகைந்தது.

வேறொருவனாக இருந்தால் 'இல்லை' என்று தட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ஆர்விலால் முடியவில்லை. மனைவியிடம் பொய் சொல்வார், மச்சினியிடம் சொல்வார், பிடித்த மீனின் நீளத்தைப் பற்றி ஊரே கேட்கச் சொல்வார். ஆனால் கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்ல வராது. ஞாயிறுதோறும் லூத்தரன் சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்தும் கை அது. ஆகவே 'ஆம்' என்று உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னது மார்லிஸுக்குத் தெரியவும் கூடாது. புகைக்கிறவனுக்கு இன்சூரன்ஸுக்கென்று சம்பளத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். அதற்கென்ன, 'எல்லாம் விலை ஏறிப்போச்சு' என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்!

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மார்லிஸ் பின்னல் ஊசிகளோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு அங்கே வெளிச்சம் போதாதே?"

"இங்கே கதகதப்பா இருக்கு. நீ பாட்டுக்கு நிரப்பு."

மூன்றாம் பக்கம்வரை போனவர், கண் வலிக்கிறதென்று மூடிவைத்தார். செவ்வாய் முதுகு வலித்தது. புதன் நெட் மந்தமாம். வியாழன் கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்துப் பூட்டே விழுந்துவிட்டது. கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டுக் கெஞ்சித் திறக்க வைத்தார்.

"எத்தனை பக்கம்தான் இருக்கு அதுல?" என்று மார்லிஸ் கேட்டாள். "நான் இருபது நிமிஷத்துல முடிப்பேன்."

"நீ மேலோட்டமாப் பண்ணியிருப்ப. நான் ஆழமாப் படிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஆர்வில் அரை நாள் லீவு போட்டார். அன்று சர்ச் நிலவறையில் மீன் விருந்துக்குச் சமையல். மார்லிஸ் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன சொல்வதென்று வழி நெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். தேவையே இருக்கவில்லை. அவள் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

"சர்ச்சுல ஆர்டிஸ் அக்கா தனியா உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருப்பா. வர ஆறு மணி ஆகும். படிவம்?"

"நீ போம்மா, நான் பாத்துக்கறேன்!"

கார் சத்தம் மறையும்வரை காத்திருந்தார். பிரிட்டாவின் பல்லை முதலில் முடித்தார். நான்காம் பக்கம் வந்தது. 'ஆம்' என்று அழுத்தினார். 'புகையை விட இலவச வகுப்பில் சேர்ந்தால் கூடுதல் கட்டணம் கிடையாது. சேருகிறீர்களா?' என்று அடுத்த கேள்வி வந்தது. வாரா வாரம் எங்கே போகிறாய் என்று அவள் கேட்டால்? 'வேண்டாம்'. பெயரை அடித்துக் கையெழுத்திட்டு அனுப்பினார். மணி நாலு ஐம்பது. மனசாட்சியும் தப்பியது, குடிசையும் தப்பியது. சமையலறையில் தனியாக இரண்டு சுற்று நடனம் ஆடினார்.

ஆறு மணிக்கு மார்லிஸ் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் செல்போனை மேஜைமேல் வைத்தாள்.

"படிவம் வந்து சேர்ந்துச்சுன்னு கம்பெனிக்காரன் மெயில் போட்டிருக்கான். பாக்கறியா?"

"உனக்கு எதுக்கு வருது?"

"அந்தக் கணக்கைத் திறந்தது யாரு? என் மெயில்தானே குடுத்தேன். நாலாம் பக்கத்துல 'ஆம்'னு இருக்கு."

ஆர்வில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மார்லிஸ், அது வந்து..."

"பிப்ரவரியிலேயே தெரியும். உன் கோட்டைத் துவைச்சது நான்தானே?"

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப? பக்கத்துக் குடிசைக்காரன் புகைன்னு சொல்லியிருப்ப. என்கிட்ட பொய் சொல்லுவ, கையெழுத்துப் போட்டுச் சொல்ல மாட்ட. அதான் நவம்பர்ல இந்தப் படிவம் வரட்டும்னு ஒன்பது மாசம் பொறுத்தேன்."

"குடிசையை வித்துடாதே, மார்லிஸ். உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"யாரு விக்கப் போறா?" என்றாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "ஒழுங்கா உண்மையை எழுதின. உங்கப்பா மாதிரி நீயும் அம்பத்தெட்டுல இருமிக்கிட்டே போயிடக் கூடாது, எனக்கு அதுதான் வேணும். அதனால நாலு அம்பத்தாறுக்கு சர்ச்சுலேர்ந்தே போன்ல நான் உள்ளே போய் ஒண்ணே ஒண்ணு மாத்தினேன். 'வேண்டாம்'னு போட்டிருந்தியே, அதை 'வேணும்'னு ஆக்கிட்டேன். சனிக்கிழமை காலை எட்டுலேர்ந்து பதினொண்ணு. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்."

"ஏரி உறையறதே டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்தானே! இரு, நான் போய் மாத்தறேன்!"

"மாத்தலாமே," என்று மார்லிஸ் கடிகாரத்தைக் காட்டினாள். "அடுத்த நவம்பர்ல."

ஆர்வில் கடிகாரத்தைப் பார்த்தார்; ஆறு மணி தாண்டிவிட்டது. பிறகு, "அப்ப சனிக்கிழமை குடிசை சும்மாவா கிடக்கும்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஏன் கிடக்கணும்? நானும் ஆர்டிஸ் அக்காவும் போறோம். எங்களுக்கு ஐஸ்ல துளை போட வராது. நீ ஏழு மணிக்கு வந்து போட்டுக் குடுத்துட்டு கிளாஸுக்குப் போயிடு."